கேசட்டுகளை ஏன் தரமாட்டேன்: பாரத விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம்மூர் திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக் குழுப் பெரியவர்களுக்கும், குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், நாடக சபைக்காரர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு என்னிடம் ஒன்று கேட்டீர்கள். என் வீட்டுப் பரண்மேல் இருக்கும், மறைந்த நம் கூத்து வாத்தியார் பாடிய அறுபத்திரண்டு கேசட்டுகளையும் கொடுப்பேனா என்று. நான் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நம்மூரில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. அதை முகத்துக்கு நேரே சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நான்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். குழுவுக்கு மட்டும் தனியாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி நம்மோடு நிற்கப்போவதில்லை. இங்கிருந்து செய்யாறு வரைக்கும் பாரதக் கூத்து வைக்கிற ஒவ்வொரு ஊருக்கும் வரப்போகிறது. எல்லாரும் படிக்கட்டும்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வாத்தியார் 2021இல், கொரோனா இரண்டாம் அலையில் போய்ச்சேர்ந்தார். எத்தனையோ ஊர்களில் விடியவிடியப் பாடிய மனிதருக்குக் கடைசியில் பத்துப் பேர்கூடத் தோள் கொடுக்க முடியவில்லை, ஒரு மேளம் இல்லை. அந்த ஆதங்கம் ஊருக்கே இருக்கிறது. இந்த யோசனையும் அதிலிருந்துதான் பிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இந்த வருஷம் அர்ச்சுனன் தபசு ராத்திரியும் கர்ணமோட்ச ராத்திரியும் பாட்டு வாத்தியார் குரலிலேயே வரவேண்டும் என்பதுதான் அந்த யோசனை. பழைய கேசட்டுகளைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்தால் அது அவர் குரலைப் பிடித்துக்கொள்ளும். வாத்தியாரிடம் கடைசியாகப் பாடம் படித்த பையன் வேஷம் கட்டிக்கொண்டு வாயசைத்தால் போதும். பின்னால் எல்இடி திரையில் வாத்தியார் முகம். செலவைப் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி ஏற்றுக்கொள்கிறார். இதைச் சொன்னதும் மண்டபமே கைதட்டியது.

நான் புதுக் கருவிகளுக்கு விரோதி இல்லை. விரோதியாக இருந்திருந்தால் நாற்பது வருஷம் மைக்செட் வைத்துச் சோறு தின்றிருக்க முடியாது. நான் கடை போட்டபோது ஆரணி, செய்யாறு, திருவண்ணாமலை, நாம் எல்லாரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். 1989இல் ஒருமுறை பிரித்தார்கள், 2019இல் வேலூரையே மூன்றாக்கினார்கள். கூத்துக்காரர்கள் மட்டும் எந்த எல்லைக்கல்லையும் பார்க்கவில்லை, நானும் அவர்கள் பின்னாலேயே ஆம்ப்ளிஃபயரை மாட்டுவண்டியிலும் அப்புறம் டெம்போவிலும் ஏற்றிக்கொண்டு திரிந்தேன். "மைக்கு வந்துச்சு, கூத்தாடி தொண்ட செத்துச்சு" என்று என் முகத்துக்கு நேரே சொன்ன கிழவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருந்தது. பெட்ரோமாக்ஸ் காலத்தில் ஐந்து கட்டைக்கு மேல் எடுத்து, வயல்வெளி தாண்டிக் கேட்கிற மாதிரிப் பாடினார்கள். நான் மூன்று மைக்கை மேலே கயிற்றில் தொங்கவிட்டேன். அரங்கைச் சுற்றிச்சுற்றி ஆடியவர்கள் மைக்குக்கு நேர் கீழே வந்து நின்றுகொண்டு பாட ஆரம்பித்தார்கள். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருந்த பாட்டிக்கும் விருத்தம் தெளிவாகக் கேட்டது. இதில் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குக் கணக்கு சரியாக வரவில்லை.

ஆர்மோனியத்துக்கும் இந்தக் கதைதான். அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது, 1971வரை எடுக்கவில்லை. வெளிநாட்டுப் பெட்டி, நம் கமகம் அதில் பேசாது என்றார்கள். இன்றைக்கு ஆர்மோனியம் இல்லாமல் எந்த நாடக சபை மேடையேறுகிறது? முகவீணைக்காரர்தான் வரவர அருகிப்போகிறார். ஆகவே பழசு எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் கெட்டது என்று பேசுகிற ஆள் நான் இல்லை.

அப்புறம் ஏன் தரமாட்டேன் என்கிறேன்?

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெங்களூர்த் தம்பி என் வீட்டுக்கு வந்தார். அவரிடம் ஏற்கெனவே யாரோ செல்போனில் எடுத்த வாத்தியார் பாட்டு இரண்டு இருந்திருக்கிறது. அதை வைத்தே ஒரு சாம்பிள் செய்து கொண்டுவந்தார். நாற்பது வினாடி. என் ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டினார். பொய் சொல்லமாட்டேன், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது வாத்தியாருக்கு லேசாக ஒரு கரகரப்பு வருமே, அதுகூட இருந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றுவிட்டாள். "கருவிக்கு உயிர் இல்லை, உணர்ச்சி இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பி நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அது நன்றாகவே இருந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் இதைவிட நன்றாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2023 ஜனவரியிலேயே, மூன்று வினாடிப் பேச்சு இருந்தால் ஒருவர் குரலைப் போலச் செய்துவிடலாம் என்று காட்டிவிட்டது. நம்மிடம் கேசட் கேசட்டாக இருக்கிறது.

சிலிர்ப்பு அடங்கியதும் தம்பியிடம் கேட்டேன். "இது எந்த நாடகத்துப் பாட்டுப்பா? நான் கேட்டதே இல்லையே." தம்பி சிரித்துக்கொண்டு, "நானே எழுதினது மாமா, விழாக் குழுவுக்கு வாழி" என்றார். குழுப் பெரியவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லி வாழ்க வாழ்க என்று வாத்தியார் பாடுகிறார்! அந்தப் பட்டியலில் இரண்டாவதாக வரும் பெரியவரோடு வாத்தியார் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். பேசிய தொகையில் பாதியை நிறுத்திவிட்டார்கள் என்ற வருத்தம். அந்தக் கணக்கு வாத்தியார் செத்தும் தீரவில்லை என்பது குழுவில் சிலருக்கு நன்றாகத் தெரியும். உயிரோடு இருந்திருந்தால் அந்த வாழியைப் பாட லட்ச ரூபாய் கொடுத்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டார். இப்போது இலவசமாகப் பாடுகிறார்.

தம்பி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சும்மா சோதனைக்குச் செய்தது. எனக்கு உறைத்தது அந்தச் சும்மாதான்.

இதில் எனக்கு ஒரு பழைய பாவம் இருக்கிறது. ஊரில் பலருக்குத் தெரியாது, இப்போது சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் நான் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக டேப்ரிக்கார்டருக்கு ஒயர் இழுத்து விடியவிடியப் பதிவு செய்வேன். வாத்தியாருக்குத் தெரியும். "எடுத்துக்கோ, நம்ம பசங்க கேட்டுக் கத்துக்கட்டும்" என்பார். நான் அதோடு நிற்கவில்லை. டப்பிங் போட்டு கேசட் இருபத்தைந்து ரூபாய் என்று விற்றேன். நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு சித்திரை மாசம், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊர். வேறொரு சபை ஆடுகிறது. அவர்களுடைய பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. என்ன செய்தார்கள்? என்னிடம் வாங்கிய கேசட்டைத் திரைக்குப் பின்னால் போட்டுவிட்டு, கர்ணனை வாயசைக்க விட்டுவிட்டார்கள். ஜனங்களுக்குப் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வந்து வாத்தியாரிடம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பொழுது விடியுமுன்னே அவர் என் கடை வாசலில் நிற்கிறார். பணம் கேட்பார் என்று நினைத்தேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அன்னிக்கி ராத்திரி நான் ஊட்ல தூங்கினு இருந்தேன்டா. அங்க எவன்டா என் பேர்ல அம்மன் முன்னால நின்னான்?" என்றார். அவ்வளவுதான். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்கு நிறுத்தினேன் விற்பனையை. மிச்சமிருந்த டப்பிங் கேசட்டையெல்லாம் அழித்தேன். அப்புறம் ஆறுமாசம் கழித்து அவரே வந்து, பதிவு மட்டும் செய், பசங்களுக்குப் போட்டுக் காட்டு என்றார். அந்த அறுபத்திரண்டு கேசட்டும் அந்தப் பேச்சின் பேரில் என்னிடம் இருப்பவை. என் சொத்து இல்லை. என்னை நம்பி வைத்துவிட்டுப் போனவை.

"செத்தவரிடம் எப்படிக் கேட்க முடியும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நம் விஷயத்தில் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அவர் பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். பாட்டுக்கு இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தம்பியையே உட்காரவைத்துக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார், நல்ல பிள்ளை. பேச்சுக்கென்றால் எழுதிக் கொடுத்தால் போதுமாம். கூத்துப் பாட்டுக்கு அது சரிப்படவில்லை, விருத்தத்தின் இழுவை வரமாட்டேன் என்கிறது. அதனால் முதலில் யாராவது ஒருவர் முழுசாகப் பாடவேண்டும். ராகம், தாளம், மூச்சு, எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது எல்லாம் அந்த ஆளுடையது. கருவி அதன்மேல் வாத்தியார் குரலின் நிறத்தை மட்டும் பூசும். "சரி, யார் பாடப்போகிறது?" என்றேன். "நம்ம பையன்தான் மாமா. அவன்தான் நல்லாப் பாடுறானே."

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தப் பையன் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு வாத்தியாரிடம் வந்தான். பகலில் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, ராத்திரியில் பாடம். ஏழு வருஷம் அடியும் திட்டும் வாங்கினான். அவன் கர்ணமோட்சத்தை முழுசாகப் பாடுவான். பாடிய பிறகு அவன் குரலை எடுத்துவிட்டு வாத்தியார் குரலைப் போடுவோம். அப்புறம் மேடையில் அவனையே நிறுத்தி, அவன் பாடிய பாட்டுக்கே அவனை வாயசைக்கச் சொல்வோம். பாட ஆள் இல்லாத ஊர் இப்படிச் செய்தால்கூட எனக்குப் புரியும். நம்மிடம் ஆள் இருக்கிறான். அவன் குரல் இன்னும் பழுக்கவில்லை, அவ்வளவுதான். வாத்தியாருக்கும் இருபத்தைந்து வயதில் பழுக்கவில்லை. என்னிடம் ஆரம்ப காலத்து கேசட் இருக்கிறது, சுருதி விலகுவது கேட்கும்.

கூட்டத்தில் நம் தமிழாசிரியர் ஒரு நல்ல கேள்வி போட்டார். "சீடன் பாடுவதும் குருவின் நகல்தானே? முகத்துக்கு அரிதாரம் பூசலாம், குரலுக்குப் பூசக்கூடாதா?" அன்றைக்கு எனக்குப் பதில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன்.

கூத்தில் அரிதாரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. கல்யாணமுருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் வருகிறான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவனை வம்புக்கு இழுக்கிறான். அது கர்ணன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே நேரத்தில் அது இன்னார் மகன் என்பதும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நன்றாகப் பாடினால் ஒருத்தர் நூறு ரூபாயை எடுத்துக் குத்துகிறார், கட்டியங்காரன் பெயரைச் சொல்லி அறிவிக்கிறான். தப்பாகப் பாடினால் அடுத்த நாள் டீக்கடையில் கிழித்துத் தொங்கவிடுகிறோம். வாழ்த்தும் வசவும் போய்ச்சேர அங்கே ஒரு ஆள் இருக்கிறான். சீடன் குருவைப் போலப் பாடினாலும் நிற்பது அவன் கால்மேல். கருவி பூசிய குரலுக்கு நூறு ரூபாயை யார் சட்டையில் குத்துவீர்கள்? எல்இடி திரையிலா?

தபசு ராத்திரியை நினைத்தால் இன்னும் சங்கடம். அர்ச்சுனன் வேஷம் கட்டுகிறவர் அன்றைக்கு முழுநாளும் விரதம். விடியற்காலையில் தபசு மரத்தில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுகிறார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் காத்திருக்கிறார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழுகிறது, மடியில் ஏந்துகிறார்கள். நம்பிக்கை உண்டோ இல்லையோ, அது அவரவர் பாடு. நான் சாமி கும்பிடுவதில் அவ்வளவு தீவிரம் இல்லாதவன், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்றுதான் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண்கள் ஏந்துவது விரதம் இருந்து மரம் ஏறிய ஒரு ஆள் பாடிய பாட்டை. அந்த இடத்தில் பென்டிரைவில் இருந்து வரும் குரலை வைத்துவிட்டு, மேலே இருப்பவனை வாயசைக்க விட்டால், அவர்களிடம் முன்கூட்டிச் சொல்வீர்களா? சொன்னால் ஏந்துவார்களா? சொல்லாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்?

சினிமாவில் செய்யவில்லையா என்கிறீர்கள். செய்தார்கள். 2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஆர். ரகுமான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய சம்பளமும் கொடுத்ததாக அவரே சொன்னார். அதே வருஷம் விஜய் படத்தில் மறைந்த பவதாரிணி குரலை அவர் தம்பி யுவனே கொண்டுவந்தார். இன்னொரு பக்கம், எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமல் எடுத்தார்கள் என்று அவர் மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். பாடகர் அரிஜித் சிங் மும்பை உயர் நீதிமன்றம் போய்த் தன் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்குத் தடை வாங்கினார். இதெல்லாம் வக்கீல் வைக்க வசதியுள்ளவர்கள் விவகாரம். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவர் என்று பாடகரை, நடிகரை, பாம்பாட்டியைக்கூடச் சேர்த்துக்கொள்கிறது. 2012இல் அதைத் திருத்தி, தான் நிகழ்த்தியதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையையும் கொடுத்தார்கள். அப்போது இப்படி ஒரு கருவி வரும் என்று எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். கூத்துக்காரர் வீட்டில் அந்தச் சட்டத்தைப் பிரித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

வாத்தியார் மகன் சம்மதித்துவிட்டார் என்றீர்கள். உண்மைதான். அவர் நல்லவர், அப்பா மேல் உயிர். ஆனால் கூட்டம் முடிந்து செருப்பு போடும்போது, "உங்க நைனா இதுக்கு ஒத்துனு இருப்பாரா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். வாத்தியார் வீட்டு அம்மாவையோ இரண்டு பெண்களையோ யாரும் கேட்கவில்லை. பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது இதில். அவருடைய குரல் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய வாத்தியாரிடமிருந்து. அதைத் தாங்கிப் பிடித்தது பின்பாட்டும் மிருதங்கமும். சபை முழுக்கச் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றுக்கு வாரிசு கையெழுத்து ஒன்று போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போதாது என்றுதான் மனசு சொல்கிறது.

ஒருமுறை கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். கேசட்டைத் திருப்பி வாங்கலாம். கருவி கற்றுக்கொண்ட குரலைத் திருப்பி வாங்க முடியாது. ஒரு ராத்திரிக்கு மட்டும், அஞ்சலிக்கு மட்டும் என்கிறீர்கள். 2018இல் மறைந்த கலைஞர் 2024இல் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். அது கட்சி, அவர்களுக்குக் கேட்க ஆள் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தல் வரும்போது நம் வார்டு வேட்பாளர் ஒருத்தர் வாத்தியார் குரலில் ஓட்டுக் கேட்டால் யார் போய்த் தடுப்பது? தடுக்கிறவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும். ஏற்கெனவே ஒரு வாழி தயாராக இருக்கிறது.

நாம் பாலாற்றுக்காரர்கள். இந்த மாதிரி விஷயத்தில் நமக்கு மற்றவர்களைவிட அனுபவம் அதிகம். தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் போனபோது, "கெடுதல் என்று நிரூபியுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் வருஷக்கணக்காகச் சொன்னார்கள். நிரூபணம் ஆவதற்குள் கிணறு உப்பாகிவிட்டது. கடைசியில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மீளமுடியாத கெடுதல் வரும் என்று பயம் இருந்தால், அறிவியல் முழுசாக நிரூபிக்கும்வரை காத்திருக்கக்கூடாது. கெடுதல் இல்லை என்று காட்டவேண்டியது செய்கிறவன் பொறுப்பு. இந்த நாட்டில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைச் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் தேசம் முழுக்க நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அதைப் படிக்கிறார்கள். ஒரு குரலும் ஆறும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லைதான். ஆனால் நம் பேரால் வழங்குகிற புத்தியை நாமே ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தால் தப்பில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. கூட்டம் வரவில்லை. போன வருஷம் கீசகன் வதம் அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எண்ணினேன், நாற்பத்திமூன்று பேர். அதில் ஏழு பேர் தூக்கம். எல்இடி போட்டால் இளவட்டம் வரும், செல்போனில் எடுப்பார்கள், நாலு ஊருக்குப் போகும், அடுத்த வருஷம் நன்கொடை கூடும். இது எல்லாம் நடக்கும், நான் மறுக்கவில்லை. அந்த நாற்பத்திமூன்றை நானூறாக ஆக்குகிற வழி என்னிடம் இல்லை. வாத்தியார் குரல் கேட்க வரும் நானூறு பேர் அடுத்த வருஷமும் வாத்தியார் குரலையே கேட்பார்கள், அதற்கடுத்த வருஷமும். அந்தப் பையன் எந்த வருஷம் பாடுவான்? புரிசை கிராமத்தில் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். போனவர் இடத்தில் அடுத்தவர் கிரீடம் கட்டியதால்தான் அங்கே கூத்து இன்னும் நடக்கிறது.

வாத்தியார் வீட்டு அம்மாவை மட்டும் நானாகப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். "எப்படியாவது ஒருவாட்டி அவர் பாட்டக் கேக்கணும்பா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஒரு வார்த்தைக்காகவே சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் 1998ஆம் வருஷத்துக் கர்ணமோட்சத்தைப் போட்டேன். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடம். நடுவில் வாத்தியார் இருமுகிறார். மிருதங்கக்காரர் தாளம் விட்டதற்குப் பாட்டுக்கு இடையிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வசவு விடுகிறார், மைக்கில் விழுந்துவிட்டது. அம்மா அந்த வசவைக் கேட்டுத்தான் அழுதார், சிரிக்கவும் செய்தார். மூன்றுமுறை அந்த இடத்தையே திருப்பிப் போடச் சொன்னார்.

ஆகவே நான் செய்யத் தயாராக இருப்பதைச் சொல்கிறேன். அறுபத்திரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையை என் செலவில் ஆரம்பித்துவிட்டேன். சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது, நாடாவைத் துடைத்துத் துடைத்து ஓட்டவேண்டியிருக்கிறது. முடிந்ததும் வாத்தியார் வீட்டுக்கு ஒன்று, சபைக்கு ஒன்று, பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. விழா நாட்களில் மதியம் பாரதப் பிரசங்கம் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு மணி நேரம் மண்டபத்தில் போடுகிறேன். எந்த வருஷம், எந்த ஊர், மிருதங்கம் யார், பின்பாட்டு யார் என்று சொல்லிவிட்டுப் போடுகிறேன். தம்பிகள் எல்இடி வைக்க ஆசைப்பட்டால் வாத்தியாரின் பழைய போட்டோக்களை அப்போது காட்டட்டும். பெங்களூர்த் தம்பியிடம் எனக்கு ஒரு உதவியும் வேண்டும். இரைச்சலை எடுக்கிற மென்பொருள் இருக்கிறதாமே, அதைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. அதுவும் அந்த நுண்ணறிவு வகைதான் என்கிறார். இருக்கட்டும். அவர் பாடியதைத் துலக்கிக் காட்டுவதில் எனக்குத் தகராறு இல்லை. அந்த வசவை மட்டும் துடைத்துவிடவேண்டாம்.

அந்த வாழிப்பாட்டைத் தம்பி அழித்துவிட்டால் நிம்மதியாக இருக்கும். கட்டாயப்படுத்தவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி இந்த வருஷம் மைக்செட் வாடகை வேண்டாம். தபசு ராத்திரிக்கும் கர்ணமோட்சத்துக்கும் என்னிடம் இருப்பதிலேயே நல்ல மைக்கைக் கொண்டுவருகிறேன். பையனை ஒரு நாள் சாயங்காலம் கடைப்பக்கம் அனுப்பிவையுங்கள். வாத்தியார் குள்ளம், அவருக்குக் கட்டிய கயிறு அப்படியே இருக்கிறது. இவன் உயரம், கிரீடம் வைத்தால் மைக்கில் இடிக்கும். ஒன்றரை அடியாவது மேலே தூக்கிக் கட்டவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைக்செட்காரன்